மார்கழிக்கு ஒரு ஸ்வெட்டர்

ஒரு பக்கம் ஏலகிரி, இன்னொரு பக்கம் ஜவ்வாது மலை. சமவெளிதான் என்றாலும் திருப்பத்தூரில் மார்கழி விடியற்காலை காது மடல் விறைத்துப்போகும். கடையில் தொங்கும் ஸ்வெட்டர் எனக்குத் தோளில் சரியாக இருந்தால் கையில் குட்டை. அதனால்தான் வீட்டிலிருந்தே பின்னித் தரும் ஓர் அக்காவிடம் சொல்லி வைத்தேன்.

அளவு எடுத்ததும் பின்னத் தொடங்கிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ முதலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம் பின்னி, அலசி, நிழலில் உலர்த்தி, ஸ்கேல் வைத்துக் கண்ணிகளை எண்ணினார். 4 அங்குலத்துக்கு 20 கண்ணி. "இதுல ரெண்டு கூடிப்போனா உங்க 40 அங்குல ஸ்வெட்டர் 36 ஆயிடும் தம்பி" என்றார். சுற்றளவுக்கு 200 கண்ணி என்ற கணக்கு அந்தச் சின்னத் துண்டிலிருந்து பிறந்ததுதான்.

ஆம்பூர், வாணியம்பாடியில் ஷூ தைப்பவர்கள் அச்சுக்கட்டையில் தோலை இழுத்துப் பொருத்துவதைப் பார்த்திருக்கிறேன். இங்கே அச்சு கிடையாது. இரண்டு ஊசியும் விரல்களின் ஒரே சீரான இழுப்பும்தான். பின்னி முடித்துத் தந்ததும் கழுத்துப் பட்டைக்குள் தலையை நுழைத்தேன். விரிந்து வழிவிட்டது, பிறகு தானாகவே கழுத்தோடு ஒட்டிக்கொண்டது. அந்த நெகிழ்வுக்கே கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கலாம்.

வேலை முடிய ஒன்றரை மாதம் ஆனது. உங்களுக்கும் வேண்டுமென்றால் ஐப்பசியிலேயே சொல்லிவிடுங்கள். மீந்த நூலையும் கேட்டு வாங்கி வையுங்கள், நாளை முழங்கை கிழிந்தால் அதே நூலால் அடைக்கலாம்.