தொலைந்த இசைத்தட்டுகளைத் தொலைத்தது யார்?

1969 ஆகஸ்ட்டில் மைல்ஸ் டேவிஸ் நியூயார்க்கில் ‘பிட்சஸ் ப்ரூ’வை ஒலிப்பதிவு செய்தார். இரண்டு மாதம் கழித்து லண்டனில் கிங் க்ரிம்ஸன் குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. ஜாஸ் ஃப்யூஷன், ப்ரோக்ரஸிவ் ராக் ஆகிய இரு போக்குகளுக்கும் இவற்றைத் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். அடுத்த எட்டொன்பது ஆண்டுகளில் ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் எங்கும் இந்த வழியில் ஏராளமான தட்டுகள் வந்தன. பல முதல் பதிப்போடு நின்றுபோயின. அவற்றைத் தேடுவதற்கென்றே இன்று ஒரு தனி உலகம் இருக்கிறது. சேகரிப்பாளர்கள், பழைய தட்டுக் கடைகள், மறுவெளியீட்டுக்கென்றே நடக்கும் சிறு நிறுவனங்கள் என்று அது பரந்து கிடக்கிறது. அங்கே புழங்கும் கதை ஏறக்குறைய ஒன்றுதான்: மேதைகள் சிலர் ஒரே ஒரு தட்டைப் பதித்தார்கள், காலம் அவர்களைக் கவனிக்கவில்லை, நல்ல செவி வாய்த்த ஒருவர் தூசி தட்டி எடுத்தார். கேட்க இதமான கதை. ஆனால் இதில் காலத்தின் தலையில் போடப்படும் பழி அதிகம், செவிக்குத் தரப்படும் புகழும் அதிகம். இந்தத் தட்டுகளை மறையச் செய்தவை பெரும்பாலும் நிறுவனங்களின் முடிவுகள். மீட்டவையும் வேறு நிறுவனங்களின் முடிவுகளே. ‘அரிய முத்துகள்’ என்று நம் கைக்கு வரும் பட்டியல் இந்த இரண்டு வடிகட்டிகளிலும் தப்பி வந்தது. அதை ரசனையின் இறுதித் தீர்ப்பாக ஏற்பது தவறு.

இத்தாலியை எடுத்துக்கொள்வோம். 1970களின் முதல் பாதியில் இந்த இசைக்கு அங்கே கிடைத்த வரவேற்பு, சில குழுக்களைப் பொறுத்தவரை, இங்கிலாந்திலேயே கிடைக்காதது. வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் என்ற ஆங்கிலக் குழுவின் ‘பான் ஹார்ட்ஸ்’ சொந்த நாட்டில் விலைபோகாமல் கிடந்தபோது, இத்தாலிய விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. உள்ளூர் நிறுவனங்கள் உடனே விழித்துக்கொண்டு, கையில் கிட்டிய இளைஞர் குழுக்களையெல்லாம் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்தன. ரோமின் செமிராமிஸ் குழு 1973இல் தன் முதல் தட்டை வெளியிட்டபோது அதன் பாடகரும் கிதார் கலைஞருமான மிக்கேலே ஸர்ரில்லோவுக்குப் பதினாறு வயதுதான் இருக்கும். நேப்பிள்ஸின் இல் பல்லெத்தோ தி ப்ரோன்ஸோ 1970இல் சாதாரண கிதார் ராக் தட்டு ஒன்றை வெளியிட்ட குழு. ஜான்னி லியோனே என்ற கீபோர்டு கலைஞர் வந்து சேர்ந்தபின் 1972இல் அதே குழு ‘இஸ்’ஸைப் பதித்தது. ஐந்து பகுதிகளாக ஒரே மூச்சில் ஓடும் இசை அது. சொல்லற்ற பெண்குரல்களில் தொடங்கி, ஆர்கனும் சின்தசைசரும் ஒன்றை ஒன்று மோதித் தள்ள, கேட்பவருக்கு ஊன்றி நிற்க ஒரு இனிய மெட்டைக்கூட அதிக நேரம் தராமல் போகிறது. ஆங்கிலக் குழுக்களைப் பார்த்துப் படித்த பாடம் என்று இதைச் சொல்ல முடியாது. இவ்வளவு கசப்பான இசையை அவர்களில் மிகச் சிலரே துணிந்து வாசித்தார்கள். அடுத்த ஆண்டே குழு கலைந்தது.

இப்படிப்பட்ட தட்டுகள் ஏன் மறைந்தன என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் காரணங்கள் மிகச் சாதாரணமானவை. மூசியோ ரோஸன்பாக் குழுவின் ‘ஸரத்துஸ்த்ரா’ 1973இல் ரிக்கோர்தி என்ற பெரிய நிறுவனத்தில்தான் வந்தது. உறையில் இருந்த படத்தொகுப்பில் முசோலினியின் மார்பளவுச் சிலை இடம்பெற்றிருந்தது. பாட்டின் பொருளோ நீட்ஷே. பாசிசக் குழு என்ற சந்தேகம் கிளம்பி, அரசு ஒலிபரப்பான ராய் தட்டை ஒதுக்கியது. லெக்கோ நகரத்தின் பில்லியெத்தோ பெர் லின்ஃபெர்னோ 1974இல் முதல் தட்டை வெளியிட்டு, இரண்டாவதையும் பதித்து முடித்த நிலையில், அவர்களின் ட்ரைடன்ட் நிறுவனம் மூடப்பட்டது. இரண்டாவது தட்டு 1992இல்தான் வெளிச்சம் கண்டது. செலஸ்தே குழு 1974இல் பதித்த தட்டு 1976இல் கடைக்கு வந்தது, இந்த இசைக்கு அது மிக நீண்ட இடைவெளி. ஏனென்றால் அந்த இரண்டு ஆண்டுகளில் காலடியில் நிலமே மாறிவிட்டது. 1971 ஜூலை 5 அன்று மிலானின் விகொரெல்லி அரங்கில் லெட் செப்பலின் நிகழ்ச்சி கண்ணீர்ப்புகையில் முடிந்ததிலிருந்து, இசை நிகழ்ச்சிகள் அரசியல் மோதலுக்கான களமாயின. கட்டணம் கட்டாமல் உள்ளே நுழைவது ஒரு இயக்கமாகவே நடந்தது. சுற்றுப்பயணம் செய்து தட்டு விற்கும் வழி அடைபட்டது. 1977இல் லோகாந்தா தெல்லே ஃபாத்தே தன் அழகிய முதல் தட்டோடு வந்தபோது கேட்க ஆளில்லை. தடைபட்ட உறை, மூடப்பட்ட நிறுவனம், தாமதம், தெருவிலிருந்த கோபம்: இந்தக் காரணங்களில் இசையின் தரத்துக்கு எங்கே இடம்?

மீட்பின் வரலாறும் இதே மாதிரிதான். இத்தாலியத் தட்டுகளுக்கு இரண்டாம் உயிர் கொடுத்தது முதலில் இத்தாலி அல்ல, ஜப்பான். 1970களின் இறுதியில் தொடங்கி டோக்கியோவின் கிங் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் ஐரோப்பிய ராக் வரிசை ஒன்றைக் கொண்டுவந்தது. அங்கே காசு கொடுத்து வாங்கும் சேகரிப்பாளர்கள் இருந்தார்கள். இத்தாலியில் நாடாக்கள் யாருக்கும் வேண்டாமல் அலமாரியில் கிடந்தன. உரிமம் பெறுவது எளிது. ஐரோப்பிய, அமெரிக்க ரசிகர்களில் பலர் செமிராமிஸையும் ரோஸன்பாக்கையும் முதலில் பார்த்தது, ஜப்பானிய எழுத்துகள் அச்சிட்ட காகிதப் பட்டை சுற்றிய உறையில்தான். பின்னால் மிலானில் வினைல் மேஜிக், சான்ரேமோவில் மெல்லோ ரெக்கார்ட்ஸ் போன்ற உள்ளூர் நிறுவனங்கள் குறுந்தகட்டில் வேலையைத் தொடர்ந்தன. இதற்கு முற்றிலும் வேறான ஒரு வழி லண்டனில் திறந்தது. 1979இல் நர்ஸ் வித் வூண்ட் என்ற குழுவின் மூன்று இளைஞர்கள் தங்கள் முதல் தட்டோடு நீண்ட பட்டியல் ஒன்றை வைத்தார்கள். விளக்கம் இல்லை, தட்டின் பெயர்கூட இல்லை, கலைஞர்களின் பெயர்கள் மட்டும். நாற்பது ஆண்டுகளாக அது தேடுவோரின் கடைச்சீட்டாக இருந்துவருகிறது. அதற்கு முந்தைய ஆண்டு, 1978 மார்ச் 12 அன்று, வர்ஜின் நிறுவனம் கைவிட்ட ஹென்றி கௌ குழு லண்டனில் பிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலி, ஸ்வீடன் குழுக்களை ஒரே மேடையில் கூட்டி, பெரிய நிறுவனங்கள் தீண்டாத இசைக்கு ‘ராக் இன் ஆப்போசிஷன்’ என்ற கொடியைப் பிடித்தது. ஜப்பானிய வழியில் வந்தவர் இனிமையும் மெல்லோட்ரான் என்ற கீபோர்டின் ஒலியும் நிறைந்த ஐரோப்பாவைக் கேட்டார். லண்டன் வழியில் வந்தவர் கரடுமுரடான, அரசியல் பேசும் ஐரோப்பாவைக் கேட்டார். பெரிஜியோ, ஆர்த்தி எ மெஸ்தியேரி போன்ற ஜாஸ் சார்ந்த இத்தாலியக் குழுக்கள் இரண்டு வழியிலும் முன்வரிசைக்கு வரவில்லை என்பது என் கணிப்பு. ஆர்த்தி எ மெஸ்தியேரியின் ‘தில்த்’ தட்டில் ஃபூரியோ கிரிகோ வாசித்த டிரம்ஸைக் கேட்டவர்கள் இந்த ஓரவஞ்சனையை ஒப்புக்கொள்வார்கள்.

‘அரிய’ என்ற அடைமொழி யார் நின்ற இடத்திலிருந்து சொல்லப்படுகிறது என்ற கேள்வியும் இங்கே வருகிறது. ஸர்ரில்லோ இத்தாலியில் வீட்டுக்கு வீடு தெரிந்த பாடகர். போலந்தில் பாடகர் செஸ்வாவ் நியெமனை அறியாதவர் இல்லை. மேற்கத்திய சேகரிப்பாளருக்கு இவர்கள் கண்டுபிடிப்புகள். இதற்குத் தமிழிலேயே உதாரணம் இருக்கிறது. ஐரோப்பாவின் மறந்துபோன ராக், ஃபங்க் தட்டுகளை மறுவெளியீடு செய்யும் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம், 1977 முதல் 1983 வரையிலான இளையராஜா பாடல்களை ‘சொல்ல சொல்ல’ என்ற தொகுப்பாக வெளியிட்டது. தேநீர்க் கடை வானொலியில் ஒலித்த பாட்டு பிரிட்டனில் புதையலானது. அந்த நிறுவனத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சேர்த்தவர்களின் செவி நல்ல செவிதான். ஆனால் நமக்கு எதிர்த்திசையிலும் ஒரு கேள்வி இருக்கிறது. பாஸ்டனில் பிறந்து சார்லஸ் மிங்கஸோடு வாசித்த சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ 1960களில் மலேசியா சென்றபோது நாகஸ்வரம் கற்றார். 1973இல் ஜெர்மனியின் எம்ப்ரியோ குழு வெளியிட்ட ‘வி கீப் ஆன்’ தட்டில் அவர் அதை வாசிக்கிறார். 1976இல் ஜெர்மனியின் எம்.பி.எஸ். நிறுவனத்துக்காகச் செய்த ‘ஹெலன் ட்வெல்வ் ட்ரீஸ்’ தட்டிலும், யான் ஹாமரின் கீபோர்டுக்கும் ஸ்பிக்னியெவ் செய்ஃபெர்ட்டின் வயலினுக்கும் இடையே, அந்த வாத்தியம் வருகிறது. நாகஸ்வரத்தின் வரலாறு எழுதுவோர் இந்தத் தட்டுகளையும் கணக்கில் கொள்ள வேண்டாமா? நம் மரபோடு தொடர்புள்ள ஒன்றே நமக்கு அரிய தட்டாக இருக்கிறது.

காலம் தவறு செய்வதில்லை, மறந்தவை மறக்கத் தகுந்தவையே என்று ஒரு மறுப்பு உண்டு. இதில் பாதி உண்மை. 1971இல் வெர்டிகோ நிறுவனம் வெளியிட்ட டாக்டர் இஸட் குழுவின் தட்டு வெறும் 80 பிரதிகள் விற்றதாக ஒரு கதை உலவுகிறது. உண்மையோ பொய்யோ, அந்தக் கதையே அதன் மூலப் பதிப்பின் விலையைப் பல ஆயிரம் பவுண்டுகளுக்கு ஏற்றியது. கேட்டுப் பார்த்தால் சில நல்ல கணங்கள் உள்ள, நடுத்தரமான தட்டு. இத்தகையவை நிறைய. சேகரிப்பாளர் உலகம் அருமையையும் விலையையும் குழப்பிக்கொள்கிறது என்ற குற்றச்சாட்டை மறுக்க முடியாது. ஆனால் காலம் தீர்ப்பு சொல்ல வேண்டுமானால் வழக்கு அதன் முன் வந்திருக்க வேண்டும். வானொலியில் ஒலிக்காத, பதினெட்டு ஆண்டு அலமாரியில் கிடந்த தட்டுகளைக் கேட்டு நிராகரித்தவர்கள் யார்? நடுத்தரமான தட்டுகள் மீண்டும் வந்ததும் என் வாதத்துக்கே சான்று. மறைந்ததற்கு இசை காரணமில்லாததுபோல, திரும்பி வந்ததற்கும் பல நேரம் இசை காரணமில்லை.

இன்று எல்லாம் கைப்பேசியில் கிடைக்கும்போது இந்தப் பேச்சே பழசு என்பது அடுத்த மறுப்பு. கிடைப்பது எல்லாம் அல்ல. உரிமை யாரிடம் என்று தெரியாத நிறுவனத்தின் தட்டு ஏறாது. மூலநாடா இல்லாதது நல்ல ஒலியில் ஏறாது. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யுனிவர்சல் வளாகக் கிடங்கு எரிந்ததில் எத்தனை மூலநாடாக்கள் போயின என்பதில் இன்றும் சர்ச்சை. இருப்பவற்றிலும் பரிந்துரைக்கும் நிரல் தனக்கென ஒரு வடிகட்டியை வைத்திருக்கிறது. ஜப்பானிய பியானோ கலைஞர் ரியோ ஃபுகுயியின் ‘சீனரி’ 1976இல் வந்தது. நாற்பது ஆண்டு கழித்து யூடியூப் பரிந்துரைகள் வழியாகவே அது உலகெங்கும் பரவியது. அருமையான தட்டு, மறுப்பில்லை. ஆனால் லட்சக்கணக்கானோர் தனித்தனியே ‘கண்டுபிடித்தது’ அந்த ஒரே தட்டை என்பது நிரலின் குணத்தைச் சொல்கிறது. இதைவிடப் பெரிய இழப்பு வாசித்தவர்களின் பெயர்கள். எம்ப்ரியோ தட்டின் உறையில் மரியானோவின் பெயருக்கு எதிரே நாகஸ்வரம் என்று அச்சாகியிருக்கிறது. செயலியில் பெரும்பாலும் குழுவின் பெயரோடு சரி. ஒரு தட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக இந்தத் துறையில் நம்பகமான வழி வாசித்தவரின் பெயரைப் பின்தொடர்வதே. ‘ஹெலன் ட்வெல்வ் ட்ரீஸ்’ தட்டிலிருந்து செய்ஃபெர்ட்டுக்கும், அவரிடமிருந்து போலந்து ஜாஸுக்கும் அப்படித்தான் போக முடியும்.

அதே ஆண்டுகளின் தமிழ்த் திரையிசைத் தட்டுகளின் உறையில் வாத்தியக் கலைஞர்களின் பெயர் பெரும்பாலும் இல்லை. பேஸ் கிதாரும் டிரம்ஸும் சின்தசைசரும் வாசித்த சென்னைக் கலைஞர்களில் பலர் முதுமையில் இருக்கிறார்கள். எந்தப் பாட்டில் யார் வாசித்தார்கள் என்பதை அவர்களிடமே கேட்டு எழுதிவைக்கும் வேலையை நம் இசை ஆய்வாளர்களும் பல்கலைக்கழகத் துறைகளும் இப்போதே எடுத்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்ய டோக்கியோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ யாரும் வரப்போவதில்லை.