சொல்லை மாற்றலாம், சான்றை மறைக்கலாமா?

"சொல்லில் என்ன இருக்கிறது?" என்று கேட்போர் உளர். ஒன்றுமே இல்லையெனில், 'அந்தச் சொல்லால் எம்மை அழைக்காதீர்' என்று ஒருவன் கூறியதும் அவர்கள் பதறுவானேன்? நேற்றுவரை நாவிலே நடமாடிய ஏச்சு ஒன்றைக் கைவிடச் சொன்னதும், கருத்துரிமையே கழுவேற்றப்பட்டதுபோல் கதறுவானேன்? தாம் எதிர்த்துக் கதறும் பொருளுக்கு அவர்கள் ஒரு பெயரும் வைத்திருக்கின்றனர். 'பொலிட்டிகல் கரெக்ட்னஸ்' என்பர் ஆங்கிலத்தில். 'அரசியல் சரி' என்று தமிழில் எழுதுகின்றனர்.

இத்தொடர் வசையாகப் பிறந்ததன்று. 1970-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'தி பிளாக் உமன்' என்ற தொகுப்பிலே, கருப்பினப் பெண் எழுத்தாளர் டோனி கேட் பம்பாரா, பெண்ணை அடக்கியாள நினைக்கும் ஆண் அரசியலில் சரியானவனாக இருக்க முடியாது என்று, இத்தொடரை மெய்யான பொருளிலேயே ஆண்டார். கொள்கையை உருப்போட்டு ஒப்புவிக்கும் தம் தோழர்களைக் கேலி செய்யவும் அந்நாட்டு இடதுசாரிகள் இதைப் பயன்படுத்தினர். 1990 அக்டோபரில் 'நியூயார்க் டைம்ஸ்' ஏடு, பல்கலைக்கழகங்களில் இப்போக்கு ஓங்குவதாக ஒரு கட்டுரை வெளியிட்டது. 1991 மே 4-ஆம் நாள், மிச்சிகன் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவிலே, குடியரசுத் தலைவர் மூத்த ஜார்ஜ் புஷ் இதனைக் கண்டித்துப் பேசினார். அதன்பின் இது கல்லாயிற்று. சீர்திருத்தம் என்று எது எழுந்தாலும் அதன்மீது எறிவதற்கு வாகான கல்!

கல்லெறிவோர் ஒரே சாக்கில் இருவேறு சரக்குகளைத் திணித்துக் கட்டியுள்ளனர். சாக்கை அவிழ்த்துப் பார்ப்பது நம் கடன்.

முதற் சரக்கு, தன் பெயரைத் தானே சொல்லும் உரிமை. ஆங்கில எழுத்தில் பெரியது, சிறியது என இருவகை உண்டு. நம் எழுத்தில் அப்படியில்லை. நாட்டின் பெயரும் இனத்தின் பெயரும் பெரிய எழுத்தில் தொடங்குவது அங்கு மரபு. ஆனால் 'நீக்ரோ' என்ற பெயர் மட்டும் நெடுங்காலம் சிறிய எழுத்திலே தொடங்கியது. டூ பாய்ஸ் போன்றோர் ஆண்டுக்கணக்கில் வாதாடிய பிறகே, 1930-இல் 'நியூயார்க் டைம்ஸ்' அதற்குப் பெரிய எழுத்தை அளித்தது. பின்னர் அப்பெயரையே வேண்டாமென்று அம்மக்கள் விலக்கினர். 'கருப்பர்' என்று தம்மை அழைத்துக்கொண்டனர். 2020-இல் அப்பெயருக்கும் அவ்வேடு பெரிய எழுத்து அளித்தது. ஓர் எழுத்தின் உயரத்துக்கு இத்தனை ஆண்டுப் போராட்டம்!

நமக்கு இது புதிய பாடமா? 1922-இல் சென்னைச் சட்டமன்றத்திலே எம்.சி. ராஜா தீர்மானம் கொண்டுவந்தார். 'பஞ்சமர்' முதலிய பெயர்கள் நீங்கி, அரசாங்க ஏடுகளில் 'ஆதிதிராவிடர்' என்ற பெயர் ஏறியது. 1938-இல் பம்பாய்ச் சட்டமன்றத்திலே, 'அரிசனங்கள்' என்ற பெயரைச் சட்டத்தில் புகுத்த முற்பட்டபோது, அம்பேத்கரும் அவர்தம் கட்சியினரும் எதிர்த்து வெளிநடப்புச் செய்தனர். கடவுளின் மக்கள் என்பது இழிசொல்லா என்று கேட்கலாம். இழிவு சொல்லின் பொருளில் மட்டும் இருப்பதன்று. யாருக்கோ பெயர் சூட்டும் அதிகாரம் தமக்கே உண்டென்று மேலிருப்போர் எண்ணினரே, அங்கேதான் இழிவு. இம்முதற் சரக்கை 'அரசியல் சரி' என்று நகையாடுவோர், தன்மானத்தையே நகையாடுகின்றனர்.

இரண்டாவது சரக்கு வேறு. அதைக் காண ஒரு நூலைத் திறப்போம்.

மார்க் ட்வைன் எழுதிய 'ஹக்கில்பெரி ஃபின்' 1884-இல் லண்டனிலும், 1885-இல் நியூயார்க்கிலும் வெளிவந்தது. தப்பியோடும் அடிமை ஜிம்மும், குடிகாரத் தந்தையிடமிருந்து தப்பியோடும் வெள்ளைச் சிறுவன் ஹக்கும் மிசிசிப்பி ஆற்றிலே தெப்பத்தில் போகும் கதை. கருப்பரை இழிக்கும் ஏச்சு அந்நூலில் 219 முறை வருகிறது. 2011-இல் அலபாமா மாநிலத்துப் பதிப்பகம் ஒன்று, பேராசிரியர் ஆலன் கிரிபன் திருத்திய பதிப்பை வெளியிட்டது. ஏச்சு இருந்த இடத்தில் 'அடிமை' என்ற சொல் அமர்ந்தது. அச்சொல்லுக்கு அஞ்சி ஆசிரியர்கள் நூலையே வகுப்பில் ஒதுக்குகின்றனர். நூல் பிழைக்கவே இத்திருத்தம் என்றார் அவர்.

நோக்கத்தை நாம் ஐயுறவில்லை. விளைவை எண்ணுவோம். 'அடிமை' என்பது சட்டம் தந்த நிலை. ஏச்சு தோலின்மீது குத்திய முத்திரை. நூலிலே ஹக்கின் தந்தை குடிவெறியில் ஒருவரைத் திட்டித் தீர்க்கிறான். யாரை? ஒகையோவிலிருந்து வந்த கருங்குருதிக் கலப்புடைய ஒருவரை. அவர் எவருக்கும் அடிமையல்லர். கல்லூரிப் பேராசிரியர், பன்மொழி அறிந்தவர், தம் மாநிலத்தில் வாக்குரிமை உடையவர். அவருக்கும் அதே ஏச்சுத்தான்! எழுத்தறியாக் குடிகாரன், வெள்ளைத் தோல் ஒன்றையே தகுதியாகக் கொண்டு, கற்றவரை அச்சொல்லால் மிதிக்கிறான். அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்தது 1865-இல். அடிமை போனான், ஏச்சு போகவில்லை. இதைத்தான் ட்வைன் காட்டினார். ஏச்சை நீக்கி 'அடிமை' என்று எழுதினால், அடிமைமுறை ஒழிந்ததோடு இழிவும் ஒழிந்தது என்றன்றோ இளைஞன் எண்ணுவான்?

மற்றோர் இடம். ஜிம்மைக் காட்டிக் கொடுக்க ஹக் மடல் எழுதுகிறான். ஓடும் அடிமைக்கு உதவுவோர் நரகம் புகுவர் என்பது அவனுக்குக் கற்பிக்கப்பட்ட சமயம். மடலைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணுகிறான். ஜிம் காட்டிய அன்பு நினைவுக்கு வருகிறது. நரகமே கிடைத்தாலும் கிடைக்கட்டும் என்று மடலைக் கிழித்தெறிகிறான்! வேதம் சொன்னதை விட்டு, தன் நெஞ்சம் கண்டதைப் பற்றிய சிறுவன் அவன். ஆனால் அவன் நாவில் ஏச்சு கடைசிவரை இருக்கிறது. நல்ல நெஞ்சினன் நாவிலும் ஊறிக்கிடக்கும் அளவுக்கு நஞ்சு அந்நாட்டு நீரிலும் காற்றிலும் கலந்திருந்தது. நாவைக் கழுவிவிட்டால், அவன் எதைத் தாண்டி வந்தான் என்பதே நமக்குத் தெரியாது.

அந்த ஏச்சை நாம் இங்கு அச்சிடவில்லை என்பதைப் படிப்போர் கண்டிருப்பர். முரண்பாடன்று இது. ட்வைன் எழுதியபோது அது கொடுமைக்குச் சான்று. நாம் எழுதினால் வெறும் ஏச்சு.

ஆயினும், வகுப்பறையில் கருப்பினக் குழந்தை ஒன்று தனித்து அமர்ந்திருக்க, சுற்றிலும் உள்ளோர் அச்சொல்லை உரக்கப் படித்தால் அதன் உள்ளம் என்ன பாடுபடும்? அந்த வேதனையை 'அரசியல் சரி' என்று தள்ளிவிடுவது கல்நெஞ்சம். 1957-இலேயே நியூயார்க் நகரக் கல்வி வாரியம், கீழ்வகுப்புகளுக்கான பாடநூற் பட்டியலிலிருந்து இந்நூலை நீக்கியது. நோபல் பரிசு பெற்ற கருப்பின எழுத்தாளர் டோனி மோரிசன், 1996-இல் இந்நூலுக்கு எழுதிய முன்னுரையில், இளமையில் இதைப் படித்தபோது எழுந்த கலக்கத்தை மறைக்கவில்லை. எனினும் நூலைத் தடுப்போர் பக்கம் அவர் நிற்கவுமில்லை. வழி என்ன? உரிய வயதில் படிக்கத் தருக. வரலாறு கூறும் முன்னுரையோடு தருக. அச்சொல்லை வாய்விட்டுப் படிக்க எவரையும் வற்புறுத்தாதிருக்க. இத்தனையும் செய்ய ஆசிரியருக்கு உழைப்பு வேண்டும். அச்சுக்கூடத்தில் ஒரு சொல்லை மாற்றுவது எளிது. எளிய வழியிலே குற்றவாளியும் தப்பிவிடுகிறான்.

ஆகவே தோழர்களே, 'அரசியல் சரி' என்ற கூச்சல் எழும்போதெல்லாம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். கேட்பவர் யார்? தம் பெயரைத் தாமே சொல்ல வந்தவரா? அப்படியெனில் அவர் கேட்பது சலுகையன்று, உரிமை. இன்றே கொடுப்போம், நம் நாவைத் திருத்துவோம். மாற்றப்படுவது எது? இன்றைய பேச்சா, நேற்றைய சான்றா? சான்றெனில், ஒரு புள்ளியும் குறையாமல் காப்போம். கொடுமை செய்தவன் கையெழுத்து அதில் இருக்கிறது. அதை அழித்துக் கொடுக்கும் வேலையை, கொடுமைக்கு ஆளானவர் பெயரைச் சொல்லிச் செய்யலாமா?