ஐந்தாவது நாற்காலிக்காரர்

2025 மார்ச் 8 அன்று லண்டன் அப்போலோ அரங்கில் ராயல் பில்ஹார்மோனிக் குழு இளையராஜாவின் ‘வேலியண்ட்’ சிம்பொனியை வாசித்தது. அன்றுமுதல் இங்கே ஒரு பேச்சு ஓயவில்லை: ஆர்க்கெஸ்ட்ரா இனித் தமிழனுக்கு எட்டாததல்ல என்று. எழுதியவர் அளவில் அது சரிதான். ‘அன்னக்கிளி’ வந்த 1976 தொட்டே அவர் வாத்தியங்களுக்கு எழுதிவந்தது சாதாரண வேலையல்ல. ‘ஹவ் டு நேம் இட்’டில் வி.எஸ். நரசிம்மனின் வயலினுக்கு உரிய இடமும் கொடுத்தார். மறுக்க ஒன்றுமில்லை.

ஆனால் வாசித்தவர்கள்? சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் நொட்டேஷனைக் கையில் வாங்கிய சூட்டோடு வாசித்துக் கொடுத்தவர்கள் கால்ஷீட் கணக்கில் கூலி வாங்கினார்கள். இசைத்தட்டு உறையில் பாடகர் பெயர் இருந்தது, கவிஞர் பெயர் இருந்தது. வயலின் வரிசையைத் தேடினால் கிடைக்காது. சிந்தசைசர் வந்ததும் அந்த வரிசைகள் கரைந்தன. கேட்பாரில்லை.

‘லண்டனிலும் மாதச் சம்பளம் கிடையாதே’ என்று சமாதானம் சொல்வார்கள். உண்மைதான். ராயல் பில்ஹார்மோனிக்கில் வாசிப்பவர்களுக்கும் வாசித்த வேலைக்குத்தான் ஊதியம். ஆனால் குழு அவர்களுடையது. அதன் நிர்வாகத்தில் அவர்களுக்குப் பங்குண்டு. லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவே 1904இல் நடத்துநர் ஹென்றி வுட்டின் கெடுபிடி பொறுக்காமல் வெளியேறிய வாத்தியக்காரர்கள் தொடங்கியது. நம் திரையிசையில் அப்படி ஒருவர் வெளியேறினால் அடுத்த கால்ஷீட்டுக்கு வேறு ஆள் வருவார், அவ்வளவுதான்.

எங்கள் வடசேரியில் இந்த அலட்சியம் இன்னும் பச்சையாகத் தெரியும். கோயில் கொடைவிழாவுக்குக் கச்சேரி பேச உட்காரும் கமிட்டி முதலில் கேட்பது, பாடுகிறவர் டிவியில் வந்தவரா என்பதை. தபேலா யார், டிரம்பெட் யார் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. கீபோர்டு ஒன்றும் ரிதம்பேடு ஒன்றும் போதும், மிச்சம் டிராக்கில் ஓடும், செலவும் குறையும் என்கிறார்கள். குறையத்தான் செய்யும். விடியற்காலை பேருந்து நிலையத்தில் வாத்தியப் பெட்டியோடு இறங்கும் ஆட்களும் குறைந்துவிட்டார்கள். நையாண்டி மேளக்காரர் மட்டும் தப்பினார். சாமியாடிக்கு முன்னால் டிராக் ஓடாது.

பாராட்டுரை எழுதுகிறவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். முதல் வயலின் வரிசையின் ஐந்தாவது நாற்காலியில் ஆயிரம் பாட்டுக்கு வாசித்தவருக்கு அறுபது வயதில் கையில் என்ன மிஞ்சுகிறது? அதை எழுதுங்கள். பிறகு சிம்பொனியைப் பேசலாம்.