தனித்துக் கேட்டலின் எல்லை: எண்முறை மிக்ஸரின் ‘சோலோ’ வசதி குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

எண்முறை ஒலிக்கலவைக் கருவியில் ஒரு தடத்தை மட்டும் பிரித்துக் கேட்பதற்கு ‘சோலோ’ வசதி உதவுகிறது. பழுது காண்பதற்கு இது தக்க கருவி. ஆயின் ஒலிநயத்தைத் தீர்மானிக்கும் அளவுகோலாக இதைக் கொள்ளுதல் பிழைக்கு வழிவகுக்கும். கருநாடக இசைக் கச்சேரியின் மைக் அமைப்பைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை இதனை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மிக்ஸர், சோலோ, மானிட்டர், ஃபேடர், ஒலிக்கசிவு, கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

கச்சேரியில் ‘தனி’ என்றால் தனி ஆவர்த்தனம். பாட்டும் வயலினும் ஓய, மிருதங்கமும் கடமும் அவையோர் அனைவரும் கேட்க ஒலிக்கும். மிக்ஸரின் ‘சோலோ’ பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. அவைக்குச் செல்லும் ஒலி சிறிதும் மாறுவதில்லை. பொறியாளரின் ஹெட்போனில் மட்டும் ஒரு தடம் பிரிந்து கேட்கிறது. யமஹா நிறுவனத்தின் சிஎல் வரிசை மிக்ஸர்கள் இதனைச் ‘சோலோ’ என்னாது ‘க்யூ’ எனக் குறிப்பது இவ்வகையில் பொருத்தமான பெயரீடே. ஈண்டு ‘மானிட்டர்’ என்பது பொறியாளர் கேட்கும் ஒலிவழியையே சுட்டும். மேடைக் கலைஞருக்கு முன் வைக்கப்படும் ஒலிபெருக்கியைச் சுட்டாது.

ஒரு பெயர், மூன்று செயல்கள்

‘சோலோ’ என்னும் ஒரே பொத்தானின்கீழ் மூன்று வேறுபட்ட செயல்கள் அடங்கியுள்ளன. முதலாவது பி.எஃப்.எல். எனப்படுவது. ஃபேடர் எந்நிலையில் இருப்பினும், அதற்கு முந்தைய ஒலியை இது தருகிறது. நிகழ்ச்சி தொடங்குமுன் மைக் உயிரோடிருக்கிறதா, உள்ளீட்டு அளவு சரியா, இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று அறிவதற்கு இதனினும் சிறந்த வழியில்லை. இரண்டாவது ஏ.எஃப்.எல். ஃபேடருக்குப் பிந்தைய ஒலியை, இட வலப் பங்கீட்டோடு தருவது இது. மூன்றாவது முறையில், தெரிவு செய்த தடம் தவிர ஏனைய அனைத்தும் முதன்மை வெளியீட்டிலேயே அடங்கிவிடும். ஒலிப்பதிவுக்கூடத்தில் இது பயனுடையது. அங்கும் ரிவெர்ப் திரும்பும் தடத்தைக் காப்பில் வைக்காவிடில் அதுவும் சேர்ந்து மறையும். அவையோர் முன்னிலையில் இதனை அழுத்தினால் கச்சேரியே நின்றுபோனதுபோல் ஆகும்.

கசிவும் கழிவும்

பொறியாளர் மிருதங்கத்தைத் தனித்துக் கேட்கிறார். தொப்பி தெளிவாக உள்ளது. பாடகரின் மைக்கைத் தனித்துக் கேட்கிறார். குரல் நன்று, பின்னணியில் மிருதங்கம் மெல்லக் கசிகிறது, அவ்வளவே. இரண்டும் குறையற்றவை. எனினும் அவையில் மிருதங்கம் மெலிந்து, உள்ளீடற்று ஒலிக்கிறது. இக்குறை எந்தத் தடத்திலும் இல்லை. தடங்களின் சேர்க்கையில் உள்ளது.

மிருதங்கத்தின் ஒலி, தன் மைக்கை அடைவதைக் காட்டிலும் ஒரு மீட்டர் கூடுதலாகப் பயணித்துப் பாடகரின் மைக்கை அடைவதாகக் கொள்வோம். ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். ஆகவே தாமதம் 2.9 மில்லிநொடி. இரண்டு தடங்களும் கூடும்போது 172 ஹெர்ட்ஸ் அளவில் அலைகள் எதிரெதிராகிக் கழிபடும். 515, 858 ஹெர்ட்ஸ் என ஒற்றை மடங்குகளிலும் இது தொடரும். கழிவின் ஆழம் கசிவின் ஒப்பளவைப் பொறுத்தது. கசிவு 16 டெசிபெல் தாழ்ந்திருந்தால் பள்ளம் 1.5 டெசிபெல்தான், செவிக்கு அது பெரிதன்று. 6 டெசிபெல் மட்டுமே தாழ்ந்திருந்தால் பள்ளமும் 6 டெசிபெல் ஆகிவிடும்.

இந்த 10 டெசிபெல் வேறுபாட்டை உண்டாக்குவது ஃபேடரே. குரலின் ஃபேடரை உரிய நிலையில் நிறுத்தி, மிருதங்கத்தின் ஃபேடரை 10 டெசிபெல் தாழ்த்தினால், 16 ஆக இருந்த இடைவெளி 6 ஆகச் சுருங்கும். பி.எஃப்.எல். வழியில் இரு தடங்களையும் ஒருசேரக் கேட்டாலும் இது புலப்படாது. ஃபேடரின் விளைவு அதில் சேர்வதில்லை. ஏ.எஃப்.எல். வழியில் இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் மட்டுமே குறை செவிக்கு எட்டும். மிருதங்கத் தடத்துக்கு 2.9 மில்லிநொடி தாமதம் சேர்த்தால் தீராதா எனக் கேட்கலாம். சேர்த்தால் மிருதங்கம் சீராகும். மிருதங்க மைக்கில் கசியும் குரலோ 5.8 மில்லிநொடி பின்தங்கும். மைக்கை ஒரு சாண் நகர்த்திப் பார்ப்பதே பல வேளைகளில் மேலானது.

திரை அமைப்பு வளர்க்கும் பழக்கம்

எண்முறை மிக்ஸரின் வடிவமைப்பு இவ்விடர்ப்பாட்டைக் கூட்டுகிறது. பெஹ்ரிங்கர் எக்ஸ்32 போன்ற கருவிகளில், சோலோ அழுத்திய தடமே திரையிலும் தெரிவாகும்படி அமைத்துக்கொள்ளலாம். வசதியானதுதான். ஆனால் ஒரே அழுத்தில் அத்தடம் காதிலும், அதன் ஈக்யூ வளைகோடு கண்ணெதிரிலும் வந்து நிற்கும்போது, கேட்டவுடன் திருத்தத் தூண்டுகிறது. தனித்துக் கேட்கையில் தொப்பி மிகுதியாகத் தோன்ற, அடியொலி குறைக்கப்படுகிறது. முழுக் கலவையில் முன்பே கழிபட்ட பகுதி மேலும் தேய்கிறது. ஒரு நேரத்தில் ஒரு தடம் மட்டும் கேட்கும் தனிவழி முறையைத் தெரிவு செய்திருந்தால், மேற்கண்ட சோதனைக்கே இடமில்லை. யமஹா மிக்ஸர்களின் ‘லாஸ்ட் க்யூ’ நிலையும் இத்தகையதே. ‘மிக்ஸ் க்யூ’ நிலைக்கு மாற்றினால்தான் பல தடங்கள் சேர்ந்து ஒலிக்கும்.

ஹெட்போனுக்கும் அரங்குக்கும் இடையிலுள்ள காலவேறுபாடு தனியே கருதத்தக்கது. மேடையிலிருந்து 34 மீட்டர் தொலைவில் மிக்ஸர் இருந்தால், ஒலிபெருக்கியின் ஒலி அங்கு வந்துசேர ஏறத்தாழ 100 மில்லிநொடி ஆகும். ஹெட்போனிலோ ஒரு சில மில்லிநொடிகளில் கேட்டுவிடும். ஒவ்வோர் அடியும் இரண்டாகக் கேட்க, பொறியாளர் ஹெட்போனின் அளவை உயர்த்தி அரங்கை மூடிவிட முனைகிறார். மானிட்டர் வழிக்கு மட்டும் தாமதம் சேர்க்கும் வசதி பல எண்முறை மிக்ஸர்களில் உண்டு. மேடையருகே மிக்ஸர் வைக்கப்படும் சிறு சபாக்களில் இதற்குத் தேவை எழாது. திறந்தவெளி அரங்குகளில் இன்றியமையாதது.

கலைச்சொல் சிக்கல்

இம்மூன்று செயல்களையும் தமிழில் ‘தனி’ என்றோ ‘தனியொலி’ என்றோ ஒரே சொல்லால் பெயர்த்தால், ஆங்கிலப் பெயரீட்டின் மயக்கம் அப்படியே தொடரும்; தனி ஆவர்த்தனத்தின் பொருளும் அதனோடு கலந்து பயில்வோரைத் திசைதிருப்பும். பி.எஃப்.எல். என்பதை ‘ஃபேடர்முன் கேட்பு’ எனவும், ஏ.எஃப்.எல். என்பதை ‘ஃபேடர்பின் கேட்பு’ எனவும் வழங்கலாம். முதலிரண்டிலும் ‘கேட்பு’ என்னும் சொல் நிற்பதால், இவை பொறியாளரின் செவியோடு நின்றுவிடுபவை என்பது பெயரிலேயே விளங்கும். மூன்றாவதற்கு ‘பிறதட அடக்கம்’ என்பது பொருந்தும். அவையோரின் காதிலும் மாற்றம் நிகழும் என்ற எச்சரிக்கை அச்சொல்லிலேயே இருக்கிறது.