ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் துணியும் நெசவாளரும்: ஆரணி சார்ந்த ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

தமிழகத்தில் பிரெஞ்சுக்காரர் நடத்திய ஆட்சிக்கும் வணிகத்திற்கும் முதன்மையான தமிழ்ச் சான்று ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. புதுச்சேரி வணிகத்தின் அடித்தளம் துணி. ஆயினும் அதனை நெய்தவர் குரல் நாட்குறிப்பில் நேரடியாகக் கேட்பது அரிது. இந்த மௌனத்தை நெசவாளரின் வலுவின்மைக்குச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. வணிகர் முறையீடுகளுக்குள்ளேயே நெசவாளரின் பேர வலிமை பதிந்துள்ளது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: ஆனந்தரங்கப் பிள்ளை, பிரெஞ்சு வணிகம், ஆரணி, நெசவாளர், முன்பணம், லியோன்

முன்னுரை

கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி இன்று பட்டுச் சேலைக்குப் பெயர்பெற்ற ஊர். வரலாற்று நூல்களில் அது இடம்பெறுவது வேறொரு காரணத்தால். ஆற்காட்டு முற்றுகை முடிந்தபின், 1751 டிசம்பர் 3 அன்று, இராபர்ட் கிளைவின் படையும் மராத்தியக் குதிரைப்படையும் சேர்ந்து சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபையும் அவருக்குத் துணைநின்ற பிரெஞ்சுப் படையினரையும் இவ்வூருக்கருகே தோற்கடித்தன. மெக்காலே 1840இல் கிளைவைப் பற்றி எழுதிய கட்டுரையில் இப்போரின் விளைவுகளாக மூன்றினைக் குறிப்பிடுகிறார்: எதிரியின் படைக் கருவூலம் கைப்பற்றப்பட்டது; பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய 600 சிப்பாய்கள் கிளைவிடம் வந்து சேர்ந்தனர்; ஆரணியின் தலைவர் சந்தா சாகிபைக் கைவிட்டு முகமது அலியின் உரிமையை ஏற்றார். பணமும் படையும் கோட்டையும் பதிவாயின. அந்நிலப்பகுதியில் தறியை நம்பி வாழ்ந்தவர் பதிவாகவில்லை.

இது ஆங்கிலேயரின் பார்வை. தமிழில் எழுதப்பட்ட சமகாலச் சான்றாவது இக்குறையை நிரப்புகிறதா என்பது இங்கு எழும் வினா.

நாட்குறிப்பாளரின் நிலை

1709இல் பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 செப்டம்பர் 6 முதல் 1761 ஜனவரி வரை, இடையிடையே விடுபாடுகளுடன், இந்நாட்குறிப்பை எழுதினார். 1846இல் கலுவா மோம்பிரேன் இதனைக் கண்டெடுத்தார். ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. பாரசீகம், போர்த்துகீசியம், பிரெஞ்சு ஆகிய மொழிச் சொற்கள் கலந்த பேச்சுத்தமிழ் இதன் நடை. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியமை, 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டமை, துய்ப்ளேயின் எழுச்சியும் வீழ்ச்சியும் ஆகிய பகுதிகளையே ஆய்வாளர் மிகுதியாக விவாதித்துள்ளனர். ‘காலத்தின் கண்ணாடி’ என்னும் பாராட்டு இதற்கு வழக்கமாகிவிட்டது.

கண்ணாடி எங்கே மாட்டப்பட்டுள்ளதோ அங்குள்ளதையே காட்டும். பிள்ளை துணி வணிகர். லாலாப்பேட்டையிலும் ஆற்காட்டிலும் வணிக நிலையங்கள் அமைத்தவர். கனகராய முதலியார் 1746இல் இறந்தபின், துய்ப்ளேயின் தலைமைத் துபாசியாக உயர்ந்தவர். கும்பினி துபாசியிடம் பேசியது. துபாசி வணிகரிடம் பேசினார். வணிகர் முகவர் வழியாக உள்ளூர்களுக்கு முன்பணம் அனுப்பினர். முகவர் நெசவாளரிடம் பேசினார். இந்தச் சங்கிலியின் மேற்கண்ணியில் நின்றவருடைய குறிப்பில் நெசவாளர் பெரும்பாலும் கூட்டுப்பெயராகவே தென்படுவதற்குச் சாதிப் பார்வை ஒன்றே காரணமாகாது. வணிக அமைப்பே அந்த இடைவெளியை உண்டாக்கியது.

சங்கிலியின் மறுமுனையும் அவர் பார்வைக்கு அப்பாற்பட்டதே. அச்சிட்ட, வண்ணம் தீட்டிய பருத்தித் துணிகளைப் பிரான்சு 1686இல் தடைசெய்தது. தடை 1759 வரை நீடித்தது. பட்டு, கம்பளி உற்பத்தியாளரின் நலனைக் காப்பதே அதன் நோக்கம். எனவே பிள்ளை நாட்குறிப்பு எழுதிய காலத்தின் பெரும்பகுதியில், சோழமண்டலக் கரையின் வண்ணத் துணியைப் பிரெஞ்சு மக்கள் உடுத்துவது சட்டப்படி குற்றம். கும்பினி அதனை லோரியான் துறைமுகத்தில் ஏலம்விட்டுப் பிறநாடுகளுக்கு அனுப்பியது. புதுச்சேரியின் நீலத் துணி செனகலுக்குச் சென்று அடிமை வணிகத்திலும் பிசின் வணிகத்திலும் மாற்றுப்பொருளாயிற்று.

முறையீட்டின் மொழி

நாட்குறிப்பில் துணி ஒப்பந்தம் பற்றிய பகுதிகளுக்குப் பொதுவான ஓர் அமைப்பு உண்டு. ஆளுநர் விலையைக் குறைக்கச் சொல்கிறார். வணிகர் இயலாது என்கின்றனர். பஞ்சு விலை ஏறிற்று, முன்பணம் வந்து சேரவில்லை, படைகள் நடமாடுகின்றன என்பன அவர்கள் கூறும் காரணங்கள். பிள்ளை இருவருக்குமிடையே நின்று பேசி முடிக்கிறார். இப்பகுதிகள் இதுவரை பெரிதும் பொருளாதாரத் தகவலாகவே வாசிக்கப்பட்டன. இவற்றில் பேசாத மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார்.

18ஆம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளரைப் பற்றிப் பிரசன்னன் பார்த்தசாரதி 2001இல் வெளியிட்ட ஆய்வு இங்குத் துணைபுரிகிறது. முன்பணம் காசாகவே தரப்பட்டது; நூலை நெசவாளரே வாங்கினார்; முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை முறிக்கவும் அவரால் முடிந்தது என்கிறார் அவர். புதுச்சேரியைத் தவிர, சென்னையிலும் கடலூரிலும் ஆங்கிலேயரும், சதுரங்கப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் டச்சுக்காரரும் துணி வாங்கினர். உள்ளூர்ச் சந்தையும் இருந்தது. கொடுமை மிகுந்தால் தறியோடு ஊர்விட்டு ஊர்போவதும் நெசவாளரின் வழக்கமே.

இப்பின்னணியில், ‘இந்த விலைக்குத் துணி கிடைக்காது’ என்று வணிகர் சொல்லும்போது, அது நெசவாளர் முன்பே சொன்ன மறுப்பின் எதிரொலியாகிறது. வணிகர் தம் ஆதாயத்திற்காக மிகைப்படுத்தியிருக்கலாம் என்னும் ஐயம் நியாயமானதே. ஆனால் மிகைப்படுத்தலும் நம்பத்தக்கதாக இருந்தால்தான் ஆளுநரிடம் செல்லுபடியாகும். நெசவாளர் வேறு கொள்வோரை நாட முடியும் என்பதை ஆளுநரும் அறிந்திருந்தார். ஆகவேதான் அப்பேரம் நடைபெற்றது. பெயர் இல்லாமை வேறு, வலிமை இல்லாமை வேறு.

புனைவின் பங்கு

நாட்குறிப்பை மூலமாகக் கொண்டு பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்னும் நாவல்களைப் படைத்தார். பின்னது 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. மூலத்தில் ஓரத்தில் நின்ற மனிதர்களுக்கு முகம் கொடுத்தமை இவற்றின் அரிய பணி. எனினும் இவற்றின் முதுகெலும்பு புதுச்சேரியின் அதிகாரப் போட்டியே. துணி நெய்யப்பட்ட உள்நாட்டு ஊர்களின் பக்கத்திலிருந்து பிரெஞ்சு வரலாற்றைச் சொல்லும் புனைவுக்குத் தமிழில் இன்னும் இடமிருக்கிறது.

லியோனும் ஆரணியும்

கும்பினி வாங்கியது பெரும்பாலும் பருத்தித் துணி; இன்றைய ஆரணியின் அடையாளம் பட்டு. இவ்விரண்டையும் நேர்கோட்டில் இணைத்தல் தவறு. ஆனால் உழைப்பு அமைப்பை ஒப்பிட இடமுண்டு. லியோன் நகரப் பட்டு நெசவாளர் தம் வீட்டில் தறி வைத்திருந்தனர், நூல் வணிகருடையது, கூலி துண்டுக் கணக்கு. 1831 அக்டோபரில் ஒப்புக்கொள்ளப்பட்ட குறைந்தபட்சக் கூலி விகிதத்தை வணிகர் பலர் ஏற்க மறுத்ததால், நவம்பரில் நெசவாளர் கிளர்ந்தெழுந்து நகரையே கைப்பற்றினர். அந்நகரத்து ஜக்கார்டு 1804இல் உருவாக்கிய கருவி, இன்று தமிழகப் பட்டுத்தறிகளின் மேல் ‘ஜக்கார்டு பெட்டி’யாக அமர்ந்திருக்கிறது. ஆரணியிலும் முதலாளியிடம் பட்டும் சரிகையும் பெற்றுக் கூலிக்கு நெய்வோர் பலர். பாவும் ஊடையும் அவர்களுடையவை அல்ல. பார்த்தசாரதி காட்டும் பருத்தி நெசவாளர் நூலுக்கு உடையவராக இருந்தார். பேரத்தின் வலிமை அங்கிருந்து வந்தது. கூலி நெசவாளர் இழந்தது அந்த உடைமையையே.

முடிவுரை

ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு நெசவாளரை மறைக்கிறது என்பதும், அவர்களைக் காட்டுகிறது என்பதும் பாதி உண்மைகள். அது அவர்களை வணிகரின் வாய்மொழியாகப் பதிந்துள்ளது. விலை, தாமதம், பஞ்சு ஆகியவை பற்றிய குறிப்புகளைத் தொகுத்து, நெசவாளரின் எதிர்வினையாக மீண்டும் வாசித்தால், பிரெஞ்சுக்காலத் தமிழகத்தின் சமூக வரலாறு ஆளுநர் மாளிகைக்கு வெளியே விரியும். ஆரணியைப் போர்க்களமாக மட்டும் கண்ட வரலாற்றில் தறிக்கும் ஓரிடம் கிடைக்கும். ‘முன்காலத்தில் நெசவாளர் எப்போதும் பணிந்தே வாழ்ந்தனர்’ என்னும் எண்ணம் இன்றைய கூலிப் பேச்சிலும் குறுக்கிடுவதால், இம்மறுவாசிப்பு ஏட்டளவில் நின்றுவிடும் பணியன்று.