வாய்க்கரிசிப் பங்கு

மயான காண்டத்தில் அழாதவன் என்ன அரிச்சந்திரன் என்கிறார்கள். ஜாசின் பக்கத்தில் அரிச்சந்திரன் வேஷம் கட்டும் நம்ம ஆள் மீது இப்போது இதுதான் புகார். மெர்லிமாவிலும் செலாண்டாரிலும் தே தாரிக் ஆறுவதற்குள் தீர்ப்பும் எழுதியாயிற்று: குரல் இருக்கிறது, சுதி நிற்கிறது, நெஞ்சில்தான் ஈரமில்லை. நான் அவர் கட்சி. புகார் சொல்கிறவர்கள் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவேயில்லை.

எல்லார் கண்ணும் கத்தி மேல். சந்திரமதியின் கழுத்துக்கு நேரே அது ஓங்கும்போது பெட்டிக்காரர் துருத்தியை இழுத்துப் பிடிக்கிறார், முன்வரிசைப் பாட்டிகள் மூக்கைச் சிந்துகிறார்கள், யாரோ ஒருவர் மாலையில் குத்தப் பத்து வெள்ளி நோட்டோடு மேடையேறுகிறார். அங்கே யார் நின்றாலும் பேர் வாங்கலாம். பெனால்டி அடித்தவனைத் தோளில் தூக்கி, பந்தைக் கட்டத்துக்குள் கொண்டுவந்தவனை மறக்கிற அதே கூட்டம்தான் இதுவும்.

ஆட்டம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. தர்ப்பை பறிக்கப் போன மகன் லோகிதாசன் பாம்பு தீண்டிக் கிடக்கிறான். தாய் சந்திரமதி சுமந்து வந்த பிணத்தைச் சுடலை காக்கும் அரிச்சந்திரன் மறிக்கிறான்: கால் பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி எங்கே? பிறகு தாலி, அடையாளம் தெரிவது, புலம்பல். உங்களுக்குத் தெரியாததில்லை, தாண்டிப் போகிறேன். கிடப்பது தன் பிள்ளை என்று தெரிந்த பிறகு அவன் போடும் கணக்கைப் பாருங்கள். பணமும் துண்டும் ஆண்டை வீரவாகுவுக்கு. வாய்க்கரிசி மட்டும்தான் இவன் கூலி. தன் பங்கை விட்டுக்கொடுக்கிறான். ஆண்டை பங்கில் கை வைக்க அவனுக்கு உரிமையில்லை. போய் உன் எஜமான் காலகண்டரிடம் வாங்கி வா என்கிறான். அந்த நடையில்தான் காசி இளவரசனின் பிணம் குறுக்கே வருகிறது, கொலைப்பழி அவள் தலையில் விழுகிறது, வெட்டும் வேலை இவன் கைக்கே வருகிறது. கத்தியை உருவியது காசி ராஜா என்று யார் சொன்னது?

நம்ம ஆள் இதை எப்படிச் செய்கிறார்? முதல் தடவை கூலி கேட்கும்போது மண்டோர் குரல், தடி பலகையில் இரண்டு தட்டு. அடையாளம் தெரிந்த பிறகு தடி இடது கைக்குப் போகிறது. மிருதங்கக்காரர் புலம்பலுக்குக் கையைத் தூக்குகிறார். இவர் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. சுதியை விட்டு இறங்கி, பாட்டில்லாமல், வாய்க்கரிசி எனக்கு வேண்டாம் என்கிறார். கூலியாக வாங்க வேண்டிய அரிசி, தகப்பனாகப் பிள்ளை வாயில் போட வேண்டிய அதே அரிசி. மிச்சத்துக்கு வலது கை நீள்கிறது. விரல் விரிகிறது, முழங்கை மட்டும் விலாவை விட்டு வர மறுக்கிறது. ஈரமில்லையாம்!

தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் நின்ற தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியிருந்திருக்காது. துரை கணக்கு வேறு, நம் கணக்கு வேறு. விட்டுக்கொடுப்பதென்றால் நம்முடையதைத்தான் விட்டுக்கொடுக்க முடியும். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயத்துப் பிள்ளைகள் அலோர் காஜா, மலாக்கா டவுன் என்று இறங்கிய பிறகு, அரிசி வசனம் வந்தால் கைப்பேசியை எடுக்கிறார்கள்.

சின்ன வயதில் இந்த நாடகம் பார்த்த காந்தியே அழுததாக எழுதியிருக்கிறாரே என்று ஒருவர் மடக்கினார். அழுதது பார்த்தவர், ஐயா. பம்மல் சம்பந்த முதலியார் அமலாதித்யனாகத் தமிழுக்குக் கொண்டுவந்த டென்மார்க் இளவரசன், செய்வதா வேண்டாமா என்று தனியே நின்று நம்மிடமே பேசித் தீர்த்துக்கொள்ளலாம். அரிச்சந்திரனுக்கு அந்த வசதி கிடையாது. எதிரே பெண்டாட்டி நிற்கிறாள், கை நீட்டியாக வேண்டும்.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த திருவிழா வருவதற்குள் இளவட்டங்கள் இவரைக் காப்பியடிக்கும். தடியை இடது கைக்கு மாற்றும், அரிசியை விட்டுவிடும். அடக்கி வாசிப்பதுதான் வித்தை என்று நினைத்துக் கத்திக் கட்டத்தில் மௌனம் காக்கும், நோட்டு விழாது, மூன்றாம் மேடையில் பழைய ஒப்பாரிக்கே திரும்பும். நம்ம ஆளும் ஒரு தடவை வழுக்குவார். கோயில் கமிட்டி முணுமுணுக்கும், தெபோங் பக்கத்து மேடை ஏதாவதொன்றில் கத்தியைத் தூக்கிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுவார், கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும். அந்த ராத்திரியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சந்திரமதி வேஷக்காரர் அரிசி வசனத்தின் மேல் விசும்புவதை நிறுத்தினால் இன்னும் இரண்டு வருஷத்துக்கு இந்த மாநிலத்தில் இவருக்கு எதிராள் கிடையாது. கர்ண மோட்சம் போடச் சொல்லிக் கேட்பதாகக் காதில் விழுகிறது. எனக்குச் சம்மதமில்லை. பொன்னுருவியிடம் விடைபெறும் கர்ணன் தன் பிறப்பைப் பற்றி ஏகப்பட்டது பேசியாக வேண்டும். பேச விட்டால் நம்ம ஆள் சுமார்தான்.