‘டாக்டர்’ தொடர்களின் படக்கதை வடிவம்

பிரித்தானியத் தொலைக்காட்சியில் வெற்றிபெறும் நகைச்சுவைத் தொடர் சிறுவர் இதழில் படக்கதையாகவும் வருவது 1970களில் வழக்கமாக இருந்தது. அதற்கு முக்கியக் களம் லுக்-இன் வார இதழ். ஐடிவி நிகழ்ச்சிகளைச் சிறுவர்களிடம் கொண்டுசெல்ல 1971 ஜனவரியில் தொடங்கப்பட்டு 1994 வரை வெளிவந்தது. லண்டன் வீக்எண்ட் தொலைக்காட்சியின் ‘டாக்டர்’ வரிசையும் இதில் படக்கதையானது.

இவ்வரிசையின் மூலம் ரிச்சர்ட் கார்டன் 1952இல் எழுதிய ‘டாக்டர் இன் தி ஹவுஸ்’ நாவல். கார்டன் மயக்கமருந்து மருத்துவராகப் பணியாற்றியவர். 1954இல் டர்க் போகார்ட் நடிப்பில் திரைப்படமாகவும், 1969இல் தொலைக்காட்சித் தொடராகவும் ஆனது. படக்கதை இதன் இன்னொரு பிறவி. தொடருக்கு எழுதியவர்களில் கிரகாம் சாப்மன், கிரேம் கார்டன் இருவரும் மருத்துவம் படித்தவர்கள். ஆகவே செயிண்ட் ஸ்விதின் மருத்துவமனையின் கேலிகளில் உள்ளிருந்து பார்த்தவரின் துணிச்சல் உண்டு.

அத்துணிச்சல்தான் படக்கதையில் முதலில் கைவிடப்பட்டிருக்க வேண்டும். தொடரின் சிரிப்பு மூன்று ஊற்றுகளிலிருந்து வந்தது. ஒன்று, பேராசிரியர் லோஃப்டஸ் மீதான பயம். இரண்டு, இளம் மருத்துவர்களின் குடியும் செவிலியர் பின்னால் அலைவதும். மூன்று, உடலையும் நோயையும் பற்றிய கறுப்பு நகைச்சுவை. சிறுவர் இதழில் பின்னிரண்டுக்கும் இடமில்லை. முதலாவது மட்டும் எஞ்சினால் மருத்துவமனை பள்ளிக்கூடமாகிவிடும்; லோஃப்டஸ் தலைமையாசிரியர், மருத்துவர்கள் குறும்புக்கார மாணவர்கள். அதே இதழில் வந்த ‘ப்ளீஸ் சார்’ பள்ளிக்கூடக் கதைக்கும் இதற்கும் உடுப்பு மட்டுமே வேறுபாடு என்ற நிலை. நோயாளி வெறும் கட்டுப்போட்ட காலாகச் சுருங்கிவிடுகிறான். இது சிறிய இழப்பு அல்ல. நோயும் சாவும் அருகிலிருப்பதால்தான் மருத்துவமனைச் சிரிப்புக்குத் தனிச்சுவை.

இன்னொரு சிக்கல் முகம். பீனோ இதழின் டென்னிசுக்கு முகத்தை எப்படி வேண்டுமானாலும் இழுத்து வரையலாம். அவன் ஓவியரின் சொந்தப் பிள்ளை. ராபின் நெட்வெல்லையோ ஜெஃப்ரி டேவிசையோ வாசகர் ஒவ்வொரு கட்டத்திலும் அடையாளம் கண்டாக வேண்டும். அடையாளத்துக்குக் கட்டுப்பட்ட கோடு எளிதில் விறைத்துவிடும். லோஃப்டஸாக நடித்த எர்னஸ்ட் கிளார்க்கின் பலமோ குரலில் இருந்தது. கோபம் வெடிக்குமுன் அவர் விடும் இடைவெளியைப் பேச்சுக்குமிழில் அடைக்க முடியாது. தடித்த எழுத்தில் கத்தவைப்பதே எஞ்சிய வழி.

ஆனால் ஓவியருக்குத் தொலைக்காட்சியில் இல்லாத ஒரு வசதி உண்டு. தொடர் பெரும்பாலும் அரங்கில், பார்வையாளர் முன், சில செட்டுகளுக்குள் படமாக்கப்பட்டது. படக்கதையில் மாடிப்படியில் உருளும் தள்ளுவண்டிக்கோ கூரையில் நிற்கும் மருத்துவருக்கோ செலவு ஏதுமில்லை. வசனத்தைத் துரத்தாமல் ஓட்டத்தையும் விழுதலையும் நம்பினால் இவ்வடிவம் தன் காலில் நிற்கும். சாகசத் தொடர்களின் படக்கதைகளைத் தேடிப் பாராட்டும் ரசிகர்கள் இவற்றைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை, நியாயம் பாதிதான். வீட்டில் வீடியோ இல்லாத அந்தச் சிறுவனுக்கு, ஒளிபரப்பு முடிந்தபின் திரும்பப் புரட்டிப் பார்க்கக் கிடைத்த ஸ்விதின் மருத்துவமனை இந்தப் பக்கங்களில்தான் இருந்தது.